ஆயிரம் பேரில் ஒரு தாய்மாமன்

நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. சந்தேகப்படுகிறவர்கள் என்னைப் பாண்டி கோயிலுக்கு அழைத்துப் போகலாம். சூடம் ஏற்றி, அணைத்துச் சத்தியம் செய்கிறேன். பஸ் டிக்கெட் மட்டும் உங்கள் செலவு. டவுன் பஸ் பெண்களுக்குத்தான் இலவசம். உண்மை பேசும் கிழவர்களுக்கு அரசாங்கம் இன்னும் எதுவும் அறிவிக்கவில்லை.

என் பெயர் மொக்கைச்சாமி. வயது எழுபத்து நான்கு. மதுரையில் பழங்காநத்தத்தில் இருக்கிறேன். அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் இஸ்ரேலில் ஹைஃபா என்ற ஊரில் இருந்தேன். பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரைக் குளிப்பாட்டி, சட்டை மாட்டி, இளவெயிலில் உட்காரவைக்கும் வேலை. தினமும் காலையில் அவருக்கு ஹீப்ரு பேப்பரை நான்தான் வாசித்துக் காட்டுவேன். வரியின் இடது ஓரத்தில் ஆள்காட்டி விரலை வைத்தால், வலது ஓரத்துக்குப் போய்த்தான் எடுப்பேன். அவ்வளவு சரளம். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு நெற்றியைப் பிடித்துக்கொள்வார். நாட்டு நடப்பு அப்படி என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் தெருமுனையில் விருமாண்டியின் பிளக்ஸ் கடை இருக்கிறது. காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் அந்தப் பகுதியில் அவன் அடித்த பேனர்தான் நிற்கும். கடைக்கு மேலே ஒற்றை மாடி அறை. அதில் இரண்டு வருஷமாகக் கனகா மொழிபெயர்ப்பு நிலையம் நடத்திவந்தாள். பிறப்புச் சான்றிதழ், கிரயப் பத்திரம், சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட். வெளிநாடு போகிறவர்கள் தமிழில் கொண்டுவருவதை ஆங்கிலத்தில் ஆக்கிக் கொடுப்பாள். வாடகை போக அவளுக்கு மிஞ்சுவது மின்விசிறிக் காற்று.

ஆடி பிறந்த அன்று விருமாண்டி மாடிக்கு வந்தான்.

"புது மெஷின் வருது தங்கச்சி. பதினாறு அடி. கீழ எடம் பத்தாது. இந்த மாசம் முடியுறதுக்குள்ள ரெட்டை வாடகை குடுக்க முடியும்னா சொல்லு, மெஷினக் கீழயே எப்பிடியாச்சும் நெருக்கிப் போட்டுக்கிறேன். இல்லன்னா சாவியக் குடுத்துரு."

"திடீர்னு கேட்டா நான் எங்கண்ணே போவேன்?"

"சமயநல்லூர் பள்ளிக்கூடத்துல ஒனக்கு டீச்சர் வேலை ரெடியா இருக்குன்னு ஒம் வீட்டுக்காரரு சொன்னாரே."

அது உண்மைதான். எல்கேஜி வகுப்பு. கையை ஆட்டி ஆட்டி மழைப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கனகா அன்றைக்கு என்னிடம் சொன்னாள்: "எனக்குக் கையாட்ட வராது பெரியப்பா. இந்த ரூமு போச்சுன்னா நானும் போன மாதிரிதான்."

இந்த நேரத்தில்தான் டெல் அவிவிலிருந்து வேலை வந்தது.

டெல் அவிவில் இருப்பவர்களுக்குப் பழங்காநத்தம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கனகாவின் கடைப் பலகையை அடித்துக் கொடுத்ததும் விருமாண்டிதான். தமிழ், ஆங்கிலம், இந்தி, மலையாளம் என்று நான்கு மொழிதான் அவள் எழுதிக் கொடுத்தது. ஆனால் விருமாண்டியிடம் தயாராக இருந்த டிசைனில் பன்னிரண்டு நாட்டுக் கொடிகள் இருந்தன. அழிக்க நேரமாகும் என்று அப்படியே விட்டுவிட்டான். ஒன்பதாவது கொடி இஸ்ரேலுடையது. யாரோ அந்தப் பலகையைப் படம் பிடித்து மேப்பில் ஏற்றிவிட, டெல் அவிவில் பணக்காரர்களின் பணத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒரு கம்பெனிக்காரர்கள், ஹீப்ருவிலிருந்து ஆங்கிலத்துக்கு மலிவாக மாற்றித்தரும் ஆளைத் தேடும்போது அதைப் பார்த்திருக்கிறார்கள்.

வந்தது ஏழு பக்கக் கையேடு. அந்தக் கம்பெனி தன் வாடிக்கையாளர்களைச் சொத்துக்குத் தகுந்தபடி நான்கு தட்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. அந்த நான்கு தட்டின் பெயர்களையும் ஆங்கிலத்தில் ஆக்கவேண்டும். ஒப்புக்கொண்டால் ஒரு வருஷத்துக்கு வேலை. இரட்டை வாடகை என்ன, மூன்று வாடகைகூடக் கட்டலாம்.

கனகா கையேட்டைப் போனில் போட்டு மாற்றிப் பார்த்தாள். முதல் தட்டு பணக்காரர், இரண்டாவது பணக்காரர், மூன்றாவது மேலான பணக்காரர், நான்காவது மேலான பணக்காரர் என்று வந்தது. அதையே அனுப்பிவைத்தாள். அடுத்த நாள் அது திரும்பி வந்தது. நான்கு விதமான நாற்காலியில் உட்காருகிறவர்களை ஒரே பெஞ்சில் உட்காரவைத்திருக்கிறீர்கள் என்று ஒரு வரிக் கடிதம். இன்னொரு வாய்ப்புத் தருவார்களாம். ஒரே ஒரு வாய்ப்பு.

என்னைக் கூப்பிட்டாள். முழங்கால் வலியோடு மாடி ஏறினேன். கையேட்டின் முதல் பக்கத்தில் இடது மூலையில் விரலை வைத்தவன், கடைசிப் பக்கம்வரை எடுக்கவில்லை.

"என்ன பெரியப்பா போட்டிருக்கு?"

"பணக்காரங்களப் பத்திப் போட்டிருக்கு தாயி."

"அது எனக்கே தெரியுமே."

"தெரிஞ்சுக்கிட்டேதான் என்னைய மாடியேற விட்டியா?"

கனகா கம்பெனிக்கு வீடியோ கால் போட்டாள். ஓர்லி என்று ஒரு பெண் வந்தாள். கம்பெனியில் இந்தக் கையேட்டுக்குப் பொறுப்பு அவள்தான். கண்ணாடி போட்ட அவசரக்காரி. நான் முகத்தை நீட்டி, "ஷாலோம்" என்றேன். அவள் முகம் மலர்ந்து ஹீப்ருவில் இரண்டு நிமிஷம் பேசினாள்.

"என்ன சொல்றாக?" என்றாள் கனகா.

"நல்லா இருக்கீகளாங்கிறாக."

"அம்புட்டையும் பேசி அது மட்டுந்தானா?"

"அங்க விசாரிப்பு கொஞ்சம் நீளம்."

நாங்கள் இரண்டு பேரும் ஹீப்ருவிலேயே பேசிக்கொண்டிருந்தால் கனகாவுக்கு வருத்தமாக இருக்கும். ஆகவே ஆங்கிலத்திலேயே பேசலாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டேன். கனகா நடுவில் இருந்து இருவருக்கும் மாற்றிச் சொன்னாள்.

ஓர்லி விளக்கினாள். முதல் தட்டு, அமீத். வசதியானவர், கஷ்டமில்லாதவர். இரண்டாவது, அசிரோன், பத்துப் பேரில் ஒருத்தர். மூன்றாவது, மெயோன், நூறு பேரில் ஒருத்தர். கடைசித் தட்டு, அல்பியோன். ஆயிரம் பேரில் ஒருத்தர். இதை ஆங்கிலத்தில் வெறும் சதவீதமாகப் போட்டால் வாடிக்கையாளர்கள் தங்களைப் பரீட்சை மார்க் மாதிரி உணர்கிறார்களாம். கேட்டவுடன் ஆள் கண்முன்னால் வந்து நிற்கிற மாதிரிப் பெயர் வேண்டும் என்று அவளுடைய முதலாளி சொல்லிவிட்டாராம்.

கனகா என்னைப் பார்த்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். ஒருவனிடம் உனக்கு எவ்வளவு இருக்கிறது என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் உண்மை வராது. வருமான வரிக்காரர்களுக்கே வராதது நமக்கு எங்கே வரும். ஆள் எந்தத் தட்டு என்று தெரியவேண்டுமானால் அவன் ஒரு காதுகுத்துக்கு எப்படி வருகிறான் என்று பார்த்தால் போதும்.

"அந்தப் பிள்ளையக் கேளு தாயி. இந்த அமீத்து, ஒரு விசேஷத்துக்கு எப்பிடி வருவாரு?"

ஓர்லி யோசித்தாள். சொந்தக் காரில் வருவார், நிறுத்த இடத்தை அவரேதான் தேடிக்கொள்ள வேண்டும் என்றாள்.

"எழுது, சொந்த வண்டி." கனகா ஆங்கிலத்தில் 'ஓன் வெகிக்கிள்' என்று எழுதினாள்.

அசிரோன் வந்தால் வீட்டுக்காரர் வாசல்வரை எழுந்துவந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போவார் என்றாள் ஓர்லி. அது 'ரிசீவ்டு அட் கேட்' ஆயிற்று. மெயோன் தாமதமாகத்தான் வருவார், ஆனால் அவருடைய இடத்தில் வேறு யாரும் உட்காரத் துணியமாட்டார்கள் என்றாள். பந்தியில் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்து வேறு ஆள் உட்காராமல் பிடித்து வைத்திருப்போமே, அது. கனகா 'லீஃப் ரிசர்வ்டு' என்று எழுதி அடியில் கோடு போட்டாள். அவளுக்கே அது பிடித்துவிட்டது.

"கடைசி ஆளு? அல்பியோனு?"

இதற்கு ஓர்லி நேரம் எடுத்துக்கொண்டாள். அவர் வராமல் எதுவும் தொடங்காது என்றாள். மாப்பிள்ளை, பெண், பூசை செய்கிறவர், சமையல்காரர் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அவர் வந்தால்தான் விசேஷமே.

அந்த நேரத்தில் விருமாண்டி டேப்பை வைத்து அறையை அளந்துகொண்டிருந்தான். மெஷின் வருமா என்று பார்க்க இரண்டு நாளாக அவன் வந்து அளப்பதும் போவதுமாக இருந்தான். குனிந்த தலையை நிமிர்த்தாமல், "தாய்மாமன்" என்றான்.

அதைச் சொல்லிவிட்டு அவன் டேப்பைச் சுருட்டிக்கொண்டு கீழே போய்விட்டான். அவன் ஏன் அப்படிப் போனான் என்று எனக்கும் கனகாவுக்கும் தெரியும். அவன் மகள் தமிழ்வாணிக்கு ஐந்து வயது முடிந்தும் காது குத்தவில்லை. அவன் பெண்டாட்டி ஜெயக்கொடிக்கு உடன்பிறந்தவர்கள் நான்கு பேரும் பெண்கள். மடியில் உட்காரவைத்துக் காது குத்தத் தாய்மாமன் கிடையாது. ஒன்றுவிட்ட அண்ணன்கள் இரண்டு பேர் உண்டு. யார் மடி என்று அவர்களுக்குள் தகராறாகி, விசேஷமே நின்றுபோனது. அதற்காக அவன் ஆசையாக அடித்துவைத்த இருபதடிப் பேனர் கடையில் சுருட்டிக் கிடந்தது. குழந்தை படம், ரோஜாப்பூ, சிங்கம், யானை எல்லாம் இருக்கும். 'அன்புத் தாய்மாமன்' என்பதற்குக் கீழே முகம் இருக்கவேண்டிய வட்டம் மட்டும் வெள்ளையாக இருக்கும். ஊருக்கெல்லாம் தாய்மாமனை இருபதடியில் நிற்கவைக்கிறவனுக்கு வீட்டில் ஓர் ஆள் இல்லை.

கனகாவுக்கு ஒரு சந்தேகம். "தாய்மாமன் எப்பிடிப் பெரியப்பா பணக்காரனாவான்? எங்க அண்ணன் எம் மகனுக்குச் சீரு செஞ்சுட்டு மூணு வருசம் ஊருப் பக்கமே வரல. அம்புட்டும் வெளில வட்டிக்கு வாங்குனது."

"கேட்டுப்பாரு."

கேட்டாள். பார்வைக்கு லாரி லாரியாக வரும், ஆனால் அதில் பாதி அவருடையது இல்லை, பரவாயில்லையா என்று. ஓர்லி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். எங்கள் அல்பியோனும் அப்படித்தான், பாதிக்குமேல் பேங்க் பணம், இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை என்றாள்.

ஆக நான்காவது தட்டு 'மெட்டர்னல் அங்கிள்' ஆனது. ஆங்கிலேயர்களுக்குப் புரியவேண்டுமே என்று கனகா கீழே ஒரு குறிப்பும் போட்டாள். தாய்மாமன் என்பவர் வராமல் எதுவும் தொடங்காது. அவர் மேளத்தோடும் சீர்த் தட்டுகளோடும் வருவார். குழந்தை அவர் மடியில் உட்காரும். அன்றைக்கு அவர் வாக்கை யாரும் தட்டமாட்டார்கள்.

கம்பெனி ஏற்றுக்கொண்டது. கையேடு அச்சாகிப் பல நாடுகளுக்குப் போனது. ஆடி மாதம் முடிவதற்குள் பணம் வந்துவிடும் என்று ஓர்லி எழுதியிருந்தாள். கனகா சமயநல்லூர் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

ஆடி முடிய மூன்று நாள் இருக்கும்போது மத்தியானம் ஓர்லியின் கால் வந்தது. முகம் சரியில்லை.

கிதியோன் என்று ஒரு வாடிக்கையாளராம். அறுபத்தெட்டு வயது. அல்பியோன் தட்டு. லண்டன் வீட்டில் இருந்துகொண்டு ஆங்கிலக் கையேட்டைப் படித்திருக்கிறார். தான் தாய்மாமன் என்று தெரிந்ததும் மிகவும் சந்தோஷப்பட்டு அந்தக் குறிப்பை நான்கு தடவை வாசித்திருக்கிறார். பிறகு கம்பெனிக்குப் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்.

'யாருக்கு?'

அவருக்கு அக்கா தங்கை கிடையாது. கல்யாணமும் கிடையாது. யாருக்குத் தாய்மாமன் என்று சொல்லாவிட்டால் மொத்தப் பணத்தையும் எடுத்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போய்விடுவேன் என்கிறாராம். பெயரை வைத்தது நீங்கள், ஆளையும் நீங்களே சொல்லுங்கள் என்றாள் ஓர்லி. சொல்லாவிட்டால் பணமும் இல்லை, வேலையும் இல்லை.

"யாருக்குன்னு கேக்குறாக பெரியப்பா."

"காதுல விழுந்துச்சு."

கனகா ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். கடை வாசலில் தமிழ்வாணி ஒரு பிஸ்கட்டை ஆட்டுக்குக் கொடுப்பதும் பிடுங்கிக்கொள்வதுமாக இருந்தாள். கனகா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு உட்கார்ந்து டைப் செய்தாள். தமிழ்வாணி, வயது ஐந்து, காதுகுத்து ஆவணி முதல் முகூர்த்தம், இடம் வாடிப்பட்டிக் குலசாமி கோயில்.

அனுப்பிய பிறகுதான் கீழே போய் விருமாண்டியிடம் சொன்னாள்.

ஜெயக்கொடிதான் முதலில் கேட்டாள். "ஆளு எப்பிடி கனகா?"

"ஒங்க கூடப்பொறந்தவரு மாதிரியே நெனைச்சுக்கங்க மதினி. தங்கமான மனுசனாம்."

"வெள்ளக்காரன் மடியில எம் பிள்ளைய ஒக்கார வைக்கச் சொல்றியா?" என்றான் விருமாண்டி.

"அவரு வெள்ளக்காரரு இல்ல மாப்ள. அல்பியோனு" என்றேன் நான்.

"பெருசு, நீ சும்மா இரு. தங்கச்சி, ரெட்டை வாடகைக்காக எம் பிள்ளையக் கணக்குக் காட்டிட்டியா?"

கனகா மறைக்கவில்லை. "ஆமாண்ணே. அதுக்காகவும்தான். ஆனா அந்தப் பேனர்ல வட்டம் ரெண்டு வருசமாச் சும்மா கெடக்கு. அவருக்கும் போறதுக்கு ஒரு வீடு இல்ல."

ஜெயக்கொடி உள்ளே போய் அந்தப் பேனரை இழுத்துவந்து போட்டாள். "மொகத்த ஒட்டுங்க" என்றாள் புருஷனிடம். வருகிறேன் என்று சொல்லிக் கிதியோன் அனுப்பியிருந்த படத்தை வாங்கி விருமாண்டி ஒட்டினான். ஆனாலும் தொழில் தொழில்தானே. "மெஷின் வந்து எறங்கிருச்சு. பணம் வந்தாலும் சரி, வராட்டியும் சரி. காதுகுத்து முடிஞ்ச அன்னைக்கே சாவி எங் கையில இருக்கணும்" என்று கனகாவிடம் சொல்லிவிட்டான். கனகா தலையை ஆட்டினாள். கையை ஆட்டிப் பழகவேண்டிய நாள் வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

ஆவணி முதல் முகூர்த்தத்தன்று கிதியோன் கொழும்பு வழியாக மதுரையில் வந்து இறங்கினார். குறிப்பில் மேளம், தட்டு என்று போட்டிருந்தது அல்லவா, மனிதர் அதை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டார். சமயநல்லூரில் இருந்து ஊர்வலம் புறப்பட்டது. சீர்த் தட்டுகள் மட்டும் எத்தனை என்று நான் எண்ணவில்லை, ஆகவே குறைத்தே சொல்கிறேன். முதல் தட்டைத் தூக்கியவர் வாடிப்பட்டிக் கோயில் வாசலில் நிற்கும்போது, கடைசித் தட்டைத் தூக்கியவர் சமயநல்லூரில் டீ குடித்துக்கொண்டிருந்தார். நடுவில் நான்குவழிச் சாலையில் போன லாரிகள் எல்லாம் ஏதோ கட்சி மாநாடு என்று நினைத்து ஹாரன் அடிக்காமல் போயின.

பேரீச்சம்பழம் நூற்றுப்பத்துத் தட்டு. ஆரஞ்சு இருநூறு. அவர்கள் ஊரில் ஒரு கடல் இருக்கிறது, அதில் இறங்கினால் ஆள் மூழ்கமாட்டான். அந்தக் கடலின் உப்பு நாற்பது தட்டு. இதையெல்லாம் பார்த்து ஒன்றுவிட்ட அண்ணன்கள் இரண்டு பேரும், "பழந்தானே" என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றார்கள். அதற்குப் பின்னால் முந்நூறு தட்டில் சொட்டுநீர்க் குழாய், சுருள் சுருளாகக் குங்குமப் பொட்டு வைத்து வந்தது. தென்னந்தோப்புக்காரர்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். மூத்த அண்ணன் ஒரு சுருளை அழுத்திப் பார்த்து, "ஒரிஜினலு" என்றான். அதோடு தகராறு தீர்ந்தது.

கிதியோன் உயரமான, கூன் விழுந்த மனிதர். விருமாண்டி வாங்கிக் கொடுத்த ஒட்டுகிற வேட்டியைக் கட்டிக்கொண்டு, தன் முகம் இருபதடியில் சிங்கத்துக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கிடாக்கறி அவர் மத முறைப்படி அறுத்தது இல்லை என்று வாழைப்பழம் மட்டும் சாப்பிட்டார். மாமன் விரதம் இருக்கிறார் என்று கூட்டம் எடுத்துக்கொண்டது.

ஆசாரி ஊசியோடு வந்தார். தமிழ்வாணி மடியில் ஏறி உட்கார்ந்தாள். "மாமா, குத்தும்போது சொல்லிட்டுக் குத்தச் சொல்லு" என்றாள். அவருக்கு என்ன புரிந்ததோ, குழந்தையின் இரண்டு கையையும் தன் கைக்குள் வைத்து மூடிக்கொண்டார். ஊசி இறங்கியபோது அவள் கொஞ்சம் அழுதாள். அவர் நிறைய அழுதார்.

பிறகு எழுந்து நின்று ஹீப்ருவில் பேச ஆரம்பித்தார். கூட்டத்தில் ஹீப்ரு தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் மைக்கை என்னிடம் கொடுத்தார்கள். அவர் முதலில் சொன்னது இது: 'அறுபத்தெட்டு வருஷத்தில் எனக்காக ஒரு காரியம்கூடத் தொடங்காமல் நின்றதில்லை. இன்றைக்கு ஓர் ஊரே நின்றது.' அதை அப்படியே சொன்னால் பெண்கள் அழுது நேரமாகிவிடும். ஆகவே நான் மைக்கில், "பந்தியப் போடலாம்ங்கிறாரு" என்றேன். நல்ல வரவேற்பு.

அவர் மேலும் பேசினார். இந்தத் தடவை நீளமாக. பேசும்போது விருமாண்டியைக் காட்டினார், கனகாவைக் காட்டினார், வானத்தைக் காட்டினார். கனகா அந்த நேரத்தில் புடவைத் தலைப்பில் முடிந்துவைத்திருந்த சாவியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். விருமாண்டி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"என்னைய இங்க கொண்டாந்து சேத்தது கனகாதான். அதனால மாடி ரூமு கனகாகிட்டயே இருக்கட்டும்ங்கிறாரு. பழைய வாடகைக்கே."

விருமாண்டி என் காதுக்குப் பக்கத்தில் வந்தான்.

"ஏ பெருசு, அவருக்கு மாடி ரூமு எப்பிடித் தெரியும்?"

"வானத்தக் காட்டுனாரே, பாக்கலியா மாப்ள. மாடி மேலதானே இருக்கு."

"வாடகையுமா காட்டுனாரு?"

"ஆயிரத்துல ஒரு ஆளு. அவருக்குத் தெரியாததா."

விருமாண்டி கிதியோனைப் பார்த்தான். கிதியோன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றாகத் தலையை ஆட்டினார். மூத்த அண்ணன் குழாய்ச் சுருளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே, "தாய்மாமன் வாயால சொல்லிட்டாரு. விசேச வீட்டுல அதத் தட்டக்கூடாது விருமாண்டி" என்றான். ஜெயக்கொடி புருஷனைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"அத முடிஞ்சு வையி தங்கச்சி" என்றான் விருமாண்டி. பிறகு கிதியோனிடம் போய், "வாங்க மச்சான், நம்ம மெஷின எங்க போடுறதுன்னு நீங்களே வந்து பாருங்க" என்று தோளில் கை போட்டுக் கூட்டிப்போனான்.

மெஷினைக் கடை வாசலில் தகரக் கொட்டகை போட்டு நிறுத்தினார்கள். கனகா மாடியில்தான் இருக்கிறாள். கம்பெனிப் பணம் மொத்தமும் வந்துவிட்டது. பொங்கலுக்குக் கிதியோன் மறுபடி வருவதாக இருக்கிறார். தமிழ்வாணி ஆட்டுக்குத் துணை கேட்டிருக்கிறாள். கிதியோன் பேசிய அந்த நீளமான பேச்சைக் கனகா போனில் பதிவு செய்து வைத்திருக்கிறாள். அதை முழுசாக எழுதித்தரச் சொல்லி இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டாள். எனக்கு மாடி ஏற முழங்கால் விடவில்லை.

ஹீப்ருவை வலது பக்கத்திலிருந்து இடது பக்கமாகப் படிக்கவேண்டும் என்பது எனக்குப் போன செவ்வாய்க்கிழமைதான் தெரியவந்தது.